கண்ணுக்குக் கீழப்பக்கம்

எனக்கு ஆள் வந்தால் பிடிக்கும், மேடம். வீட்டுக்கு யாராவது வந்தால் சிலருக்கு முகம் சுருங்கிப் போகும், உலையில் போட்டது பத்துமா என்று பார்ப்பார்கள். எனக்கு அந்தச் சுபாவம் கிடையாது. ஒரு ஆள்தான் சாப்பிடப்போகிறேன் என்று தெரிந்தாலும் இரண்டு ஆளுக்குச் சேர்த்தே பொங்குவேன். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவேன். பல வருஷமாக எனக்குக் காலையில் பழையதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேற்று மதியம் ஜீவிதாவின் போனிலிருந்து ஆம்புலன்சுக்கு அழைப்பு எதுவும் போகவில்லை என்கிறீர்கள். என் போனிலிருந்தும் போகவில்லை என்கிறீர்கள். சரிதான், போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நடந்த வரிசையில் சொன்னால்தான் எனக்கும் சொல்ல வரும், உங்களுக்கும் விளங்கும்.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை மஞ்சள்காமாலையில் போய் வெகுகாலம் ஆகிறது. பிள்ளை இல்லை. தம்பி குடும்பம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, நடுவில் ஒரு சுவர் எழுப்பிவிட்டார்கள். பஞ்சாயத்தில் ஊற்றுப் பூங்காவுக்கு டிக்கெட் கிழிக்க ஆள் தேடுகிறார்கள் என்றபோது நானே போய்க் கேட்டு வாங்கினேன். பூங்கா என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள், பேச்சுக் குரல் கேட்கும் என்று நினைத்தேன். பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, ஊற்றுப் படியைத் தேய்ப்பது எல்லாமே என் தலையில்தான் விழுந்தது. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை.

நேற்று நீங்கள் பார்த்தீர்களே, அதுதான் பூங்கா. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், சிமெண்டில் செய்த ஒரு கொக்கு. சுற்றிலும் நெல் வயல். காணும் பொங்கலன்று மட்டும் நிற்க இடம் இருக்காது. மற்ற நாளில் கொக்கும் நானும்தான்.

ஊற்று மட்டும் பொய் சொல்லாது. மராட்டிய ராஜா காலத்தில் ராமேசுவரம் போகிறவர்கள் தங்குவதற்கு இங்கே ஒரு சத்திரம் இருந்ததாம். அவர்களுக்காக ஊற்றைச் சுற்றிக் கல் வைத்துக் கட்டினார்கள். மேற்கே அகலமான படி. படியின் அடியில் கல்லில் கண் மாதிரி ஒரு துவாரம், அதிலிருந்துதான் தண்ணீர் வரும். ஊற்றுக்கண் என்போம். தொட்டி நிறைந்து வழிகிற தண்ணீர் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கே, ஒரு சின்னக் கல் தொட்டியில் விழும். அதற்குப் பெயர் கீழ்த்துறை. பஞ்சாயத்து வைத்த பலகையில் ராஜாவைப் பற்றி இருக்கிறது, சத்திரத்தைப் பற்றி இருக்கிறது. மேல்படியில் எங்கள் தெரு ஆட்கள் கால் வைக்கக் கூடாது, வழிந்து வருகிற தண்ணீரைக் கீழ்த்துறையில்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது பலகையில் இல்லை. நாற்று நட்டுவிட்டு வந்து என் அப்பாயி குடித்தது அந்தத் தண்ணீர்தான். பலகை எழுதும்போது கேட்டுப் பார்த்தேன். இடம் பத்தவில்லை என்றார்கள்.

ஊற்றைப் பற்றி இன்னும் ஒன்று. சுற்றுவட்டாரத்துப் போர் மோட்டார்களெல்லாம் ஓடுகிற நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். கண்ணும் கடைசிப் படிகளும் நன்றாக வெளியே தெரியும். மும்முனைக் கரண்ட் நின்றதும் வயலில் மோட்டார்கள் அடங்கும். அப்புறம் ஊற்று மெல்ல ஏறி, கண்ணை மூடி, அதற்கு மேலும் நாலைந்து படிகளை மூடிவிடும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் ஊற்று எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைப்பார்கள்.

ஜீவிதா முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்கூட்டியில் வந்தாள். தஞ்சாவூரில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, பிறந்து வளர்ந்தது சென்னை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் என் ஜன்னலிலேயே நின்றாள். பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்படத்தை எடுத்தாள்.

"அக்கா, இத இங்க எங்கயாவது ஒளிச்சு வச்சிக்கட்டுமா? தப்பா ஒண்ணும் இல்ல. இது ஒரு விளையாட்டு."

"என்ன விளையாட்டு?"

"ஜியோகேச்சிங்னு பேரு. டப்பாவ ஒளிச்சு வச்சிட்டு, அது இருக்கற இடத்த மேப்ல குறிச்சுப் போட்டுருவோம். உலகம் பூரா ஆளுங்க போனப் பாத்துத் தேடி வருவாங்க. கண்டுபிடிச்சா உள்ள இருக்கற தாள்ல பேர் எழுதிட்டு, திரும்ப அங்கயே வச்சிட்டுப் போயிருவாங்க."

"எடுத்துட்டுப் போயிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"பின்ன எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?"

அவள் யோசித்தாள். "வர்றதுக்குத்தான்க்கா" என்று சிரித்தாள்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. மனிதர்களுக்கு ஒரு இடத்துக்கு வர ஏதாவது சாக்கு வேண்டியிருக்கிறது. நான் இத்தனை வருஷம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், சாக்கு ஒன்றும் செய்து வைக்கவில்லை.

வேலை இருப்பதால் அடிக்கடி வர முடியாது என்று சொல்லி, டப்பாவைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். என் போனிலும் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஊற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டபோது, கீழ்த்துறை விஷயத்தையும் சொன்னேன். அப்படியே எழுதினாள். பஞ்சாயத்துப் பலகையில் இடம் பத்தாத சங்கதிக்கு அவளிடம் இடம் இருந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான். என்னை அம்சாக்கா என்பாள். அம்சவல்லி என்ற பெயரை அவ்வளவு அழகாக யாரும் சுருக்கியதில்லை.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஒருநாள் துடைப்பம் கேட்டாள். "மோட்டார் கொட்டகைக்கு மேலப்பக்கம் கெடக்கு, எடுத்துக்க" என்றேன். வெகுநேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஏறுவதற்கு வாகாக ஒரு செங்கல்லைப் போட்டு நிற்கிறாள். எங்களுக்கு மேலப்பக்கம் என்றால் மேற்கு, கீழப்பக்கம் என்றால் கிழக்கு. இது உங்களுக்குத் தெரியும், நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று பேச்சிலேயே தெரிகிறது. அவளுக்கு மேல என்றால் ஆகாசம், கீழ என்றால் தரை. கீழ்த்துறையைக்கூடத் தாழ்வான துறை என்றுதான் நினைத்திருக்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தேன். என்னக்கா, என்னக்கா என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்திருக்கலாம். அடுத்த தடவையும் சிரிக்கலாமே என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர். திருச்சியிலிருந்து, பாண்டிச்சேரியிலிருந்து, ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர்கூட. ஆனால் வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் வாங்குவார்கள், போனைப் பார்த்துக்கொண்டே தேடுவார்கள். கிடைத்ததும் டப்பாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நன்றி என்று செய்தி அனுப்புவார்கள். அந்தச் செய்தி ஜன்னலுக்கு உள்ளே என் மடியில் வந்து விழும். அனுப்பியவர் அதே ஜன்னலைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருப்பார். நான்தான் அது என்று சொன்னதில்லை. அவர்களாகக் கேட்பார்கள் என்று இருந்தேன்.

முதலில் அடிபட்டது சித்தீக். அதிராம்பட்டினத்துக்காரர், மனைவி தஹ்மீனாவும் கூட வந்திருந்தார். டப்பா அப்போது படிக்கட்டுச் சுவரில் ஒரு பொந்தில் இருந்தது. அவர் தப்பான இடத்தில் தேடினார். கண்ணுக்கு அடியில் பலகைக் கல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதில் கையை விட்டார். கல் அசைந்து முழங்கைக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. கொட்டகையிலிருந்து நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் நெம்பினேன். லேசாக நெம்பினாலே கல் தூக்கிக்கொடுத்துவிடும், அதற்குப் பெரிய பலம் தேவையில்லை.

அந்த மதியம் முழுக்க அவர்கள் என்னோடுதான் இருந்தார்கள். கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். என் சோற்றை மூன்று பங்காக்கிச் சாப்பிட்டோம். தஹ்மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்தார்கள். ஒரு தடவை அல்வா கொடுத்தனுப்பினார்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மாசத்துக்கு ஒரு தடவை என்று ஆகி நின்றுபோனது. கை ஆறிவிட்டது, அவ்வளவுதான். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆடுகிற கல்லைப் பற்றிப் பஞ்சாயத்தில் சொல்லியிருக்க வேண்டாமா என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம்.

சபரிநாதன் சாரைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். கும்பகோணத்திலிருந்து வந்தவர், ரிட்டயர் ஆனவர். படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்விட்டது. நான் தள்ளவில்லை. படியைத் தேய்க்காமல் விட்டிருந்தேன், அதுதான் நடந்தது. கொஞ்ச நாளாகச் சோறு வடித்த கஞ்சியையும் அதில் ஊற்றிக்கொண்டு வந்தேன், பாசி சீக்கிரம் பிடிக்கும் என்று. யாராவது லேசாக வழுக்கி உட்காருவார்கள், காலைப் பிடித்துவிடலாம், ஒரு டீ போட்டுத் தரலாம் என்றுதான் கணக்கு. வயசானவர் வருவார் என்று நான் என்ன கண்டேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இட்லி கட்டிக்கொண்டு போய் வந்தேன். எவ்வளவு பேசினார் தெரியுமா. கல்யாணம் ஆன கதை, வேலைக்குப் போன கதை, எல்லாம் சொன்னார். பிறகு அவருடைய மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். ரொம்ப நன்றி, இனிமே நாங்க பாத்துக்கறோம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாள். அவர் இப்போது தடியூன்றித்தான் நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இதெல்லாம் ஜீவிதாவின் காதுக்கும் போயிருக்கிறது. போன வாரம் போன் செய்தாள்.

"அம்சாக்கா, டப்பாவ எடுத்துரலாம்னு இருக்கேன். அங்க வர்றவங்க அடிக்கடி அடிபடறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் பாத்துக்கறேன்."

"இல்லக்கா. எனக்கு ஐதராபாத்ல வேலை கெடச்சிருச்சு. நான் இங்க இருக்க மாட்டேன். தூரமாப் போயிட்டா டப்பாவ எடுத்துரணும், அதான் வழக்கம். போறதுக்கு முன்னாடி ஒருநாள் வந்து எடுத்துக்கறேன்."

ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாள். டப்பாவும் போகிறது, அவளும் போகிறாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று உண்மையாகவே சொல்கிறேன். கோபம் வரவில்லை. வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தால் தீப்பெட்டி எங்கே என்று கை தானாகத் துழாவுமே, அப்படித்தான் இருந்தது. சரிம்மா, வா என்றேன்.

மறுநாள் டப்பாவை எடுத்துக் கீழ்த்துறையில், அந்தச் சின்னக் கல் தொட்டியின் விளிம்பில், ஒரு ஓட்டைக்குள் வைத்தேன். எங்கள் ஆட்கள் தண்ணீர் குடித்த இடத்தில் கடைசி சில நாள் அது இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் இப்போதே ஆள் அனுப்பிப் பார்க்கலாம், அங்கேதான் இருக்கும். நான் பொய் சொல்லவில்லை. ஜீவிதாவுக்குச் செய்தியும் அனுப்பினேன். "டப்பாவ எடம் மாத்தி வச்சிருக்கேன்மா. கண்ணுக்குக் கீழப்பக்கம் இருக்கு." அந்தச் செய்தியை நீங்கள் படித்தீர்கள். எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், கண்ணுக்குக் கிழக்கே என்றுதான் சொல்வார்கள். கீழ்த்துறை கண்ணுக்கு நேர்கிழக்கு. எழுத்தில் ஒரு தப்பு கிடையாது.

ஆமாம், அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சந்தில்தான் கையை விடுவாள் என்று தெரியும். சித்தீக்குக்கு ஆன மாதிரி ஆகும், கடப்பாரையோடு போவேன், மஞ்சள் பற்றுப் போடுவேன், கை ஆறும் வரைக்காவது ஐதராபாத் தள்ளிப்போகும். இவ்வளவுதான் நான் நினைத்தது. இதற்கு மேல் நினைத்திருந்தால் சொல்லியிருப்பேன், மறைக்க எனக்கு என்ன இருக்கிறது.

நேற்று லீவு போட்டுவிட்டு வந்தாள். வார நாள், மதிய வெயில், பூங்காவில் ஒரு ஈ காக்கா இல்லை. அவளுக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடு என்றேன்.

"மொதல்ல டப்பாவ எடுத்துட்டு வந்துர்றேன்க்கா. அப்புறம் நிம்மதியா சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

நான் வாசல் கதவைச் சாத்தினேன். சாப்பாட்டு நேரத்தில் சாத்துவது வழக்கம்தான். இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அக்கா என்று கூப்பிட்டாள். அலறல் ஒன்றும் இல்லை, பால் பொங்கினால் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு போனேன்.

கடைசிப் படியில் ஒருக்களித்துப் படுத்த மாதிரி கிடந்தாள். வலது கை தோள்பட்டை வரைக்கும் கல்லுக்கு அடியில். சித்தீக்கைவிட ஒல்லிக் கை, அதனால் அதிகம் உள்ளே போயிருந்தது. வலியில் கண் கலங்கி இருந்தாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"மாட்டிக்கிட்டேன்க்கா. அசைச்சா இன்னும் அழுத்துது. மேல பையில என் போன் இருக்கு, நூத்தியெட்டுக்குப் போட்டுருங்களேன்."

படியேறிப் போய் அவளுடைய போனை எடுத்தேன். காதில் வைத்துக்கொண்டு, ஊற்றுப் பூங்காவுங்க, சீக்கிரம் வாங்க, ஒரு பொண்ணு கை மாட்டிக்கிட்டு இருக்கு என்று பேசினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. எனக்கு அது பழக்கம், மேடம். வீட்டில் சாயங்காலமானால் போனைக் காதில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசுவேன், சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டில் கேட்கட்டும் என்று. சௌக்கியமா, சாப்பிட்டாச்சா, இந்த மாசம் வர முடியாதும்மா வேலை இருக்கு என்பேன். நடுநடுவே சிரிப்பேன். எதிராளி பேசுவதற்கு எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று எனக்கு அத்துப்படி.

"வர்றாங்களாம்மா, ஒரத்தநாட்டுலேர்ந்து வரணுமாம், கொஞ்ச நேரம் ஆகும்னாங்க" என்றேன். தேங்க்ஸ்க்கா என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். புடவைத் தலைப்பை மடித்துத் தலைக்கு அணை கொடுத்தேன். வலியை மறக்கப் பேசிக்கொண்டிரு என்றேன். பேசினாள். இத்தனை நாள் வந்து போனவள்தான், ஆனால் எப்போதும் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். நேற்றுதான் கிளம்புகிற அவசரம் இல்லாமல் பேசினாள். சின்ன வயசில் அவளுடைய அம்மா வேலைக்குப் போய்விட, பூட்டின வீட்டுக்குள் டி.வி.யைப் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து சாப்பிடுவாளாம். தஞ்சாவூருக்கு வந்து ஒரு சிநேகிதம்கூட ஆகவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ரூமில் இருக்க முடியாமல்தான் இந்த டப்பா விளையாட்டைப் பிடித்தாளாம். ஐதராபாத்தை நினைத்தால் பயமாக இருக்கிறதாம்.

"அங்கயும் யாரும் இருக்க மாட்டாங்கக்கா. இங்கயாவது நீங்க இருக்கீங்க" என்றாள்.

என்னிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எழுந்து கடப்பாரை எடுக்கப் போக எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் போகலாம், இன்னும் வெயில் இருக்கிறது என்று நினைத்தேன். என்னைப் பற்றியும் சொன்னேன். செல்லத்துரையைப் பற்றி, சுவரைப் பற்றி, பழைய சோற்றைப் பற்றி. அவள் கேட்டுக்கொண்டாள். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வயலில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் வடக்கே, அப்புறம் எங்கள் கொட்டகைக்கு எதிரில் இருக்கிற பெரிய போர். அந்தச் சத்தம் நின்றால் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கவனித்தேன்.

"அக்கா, தண்ணி ஏறுதா?"

"இல்லம்மா. படுத்திருக்கறதால உனக்கு அப்படித் தெரியுது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அதற்குள் அவளுடைய காதை எட்டிவிட்டது. ஆம்புலன்சுக்கு இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன், முன்பு போட்ட மாதிரியே. பாதி வழியில் வந்துவிட்டார்கள் என்று சொன்னேன். பிறகு கத்த ஆரம்பித்தாள். பூங்காவைத் தாண்டி யாருக்கும் கேட்டிருக்காது, நடவு முடிந்த வயலில் அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள். கத்தாதம்மா, தொண்டை போயிடும் என்று தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"நான் போகலக்கா. ஐதராபாத் போகல. டப்பாவும் இங்கயே இருக்கட்டும். என்ன வெளிய எடுங்கக்கா" என்றாள்.

அப்போதுதான் அவளுக்கு என்னைப் பற்றி ஏதோ விளங்கியிருக்க வேண்டும். அவள் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பயத்தில் கொடுக்கிற வாக்கு நிற்காது. எடுத்துவிட்டால் ஸ்கூட்டியை முடுக்கிக்கொண்டு போவாள், திரும்பிப் பார்க்க மாட்டாள், உங்களிடம் வந்து எல்லாம் சொல்வாள். அதுவரைக்கும் பேசிய பேச்செல்லாம் பேசாததாகிவிடும். அதையும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கடப்பாரை எங்கே இருந்தது என்கிறீர்கள். கொட்டகையில்தான் இருந்தது. கூப்பிடு தூரம். தண்ணீர் தாடையைத் தொட்ட பிறகுகூடப் போய் எடுத்து வந்து நெம்பியிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் அவள் என் விரல்களை அப்படிப் பிடித்திருந்தாள். கடைசியில் அவளால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை. விடாதீங்கக்கா, விடாதீங்கக்கா என்று மட்டும் சொன்னாள். எழுந்து போக வேண்டுமானால் அந்தக் கையை நான் உதற வேண்டும். என்னை யாரும் அப்படிப் பிடித்ததில்லை, மேடம். நான் உதறவில்லை.

அவளுடைய பிடி தளர்ந்த பிறகும் நான் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீருக்குள் கூந்தல் விரிந்து கிடந்தது, ஒதுக்கிவிட்டேன். அப்புறமும் பேசிக்கொண்டிருந்தேன், என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள், அது எங்களுக்குள் இருக்கட்டும். மடை திருப்ப வந்த பக்கத்து வயல்காரப் பையன் பகலவன் வேலி வழியாக எட்டிப் பார்த்துச் சத்தம் போடுகிறவரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. எனக்கு இடுப்பு வரைக்கும் தண்ணீர். அவனையே கேட்டுப் பாருங்கள்.

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்லைச் சொல்லாமல் விட்டது நான், அந்தச் செய்தியை அனுப்பியது நான், கதவைச் சாத்தியது நான், போனில் யாரும் இல்லாமல் பேசியது நான், கடப்பாரையை எடுக்காதது நான். என்ன சட்டமோ அதன்படி போடுங்கள். ஒன்றே ஒன்றுதான் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் தனியாகக் கிடந்து செத்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளுடைய அம்மா படித்தால் தாங்க மாட்டார்கள்.